நூறு உருவங்கள், ஆறு பேர், ஒரே மேசை: எந்த விதிநூலை எடுப்பது?

ஆறு பேர், ஆளுக்குப் பதினைந்து இருபது ஃபேன்டசி மினியேச்சர்கள் (மாயக்கதைப் படைவீரர்களின் சின்ன உருவங்கள்), ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. எல்லாவற்றையும் ஒரே மேசையில் இறக்கி ஒரு பெரிய மோதலை நடத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இந்தப் பொழுதுபோக்கில் இருக்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் வரும். மாதக்கணக்கில் உட்கார்ந்து பெயிண்ட் அடித்த எல்ஃப் வில்லாளிகளையும் ஆர்க் கும்பலையும் அலமாரியில் நிறுத்தி வைப்பதற்காக யாரும் வாங்குவதில்லை. ஆசை வந்ததும் எழும் முதல் கேள்வி, எந்த விதிநூலை வைத்து ஆடுவது என்பதுதான். இதில் தேர்வு தவறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பேர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஸ்கர்மிஷ் எனப்படும் சிறு மோதல் விதிகளில் ஒவ்வொரு உருவமும் தனி ஆள். தனியாக நகரும், தனியாக அடிக்கும், தனியாகச் சாகும். அதனால் பெரும்பாலான ஸ்கர்மிஷ் விதிநூல்கள் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் என்ற அளவை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. அந்த அளவைத் தாண்டினால், உருவங்களைத் தட்டில் அடுக்கி மொத்தமாகத் தள்ளும் பெரும்போர் விதிகள் வந்துவிடுகின்றன. எண்பதிலிருந்து நூற்றிருபது உருவங்கள் வரை, அதே சமயம் ஒவ்வொன்றும் தனி ஆளாகவே இருக்க வேண்டும் என்றால், கைக்கு எட்டும் விதிநூல்கள் சில மட்டுமே.

விதிநூலுக்கு முன்னால் மேசையை ஒரு முறை பார்த்துவிடலாம், ஏனென்றால் எண்ணிக்கைக்கு வரம்பு போடுவது அதுதான். பொதுவாகப் பயன்படுவது 6 அடிக்கு 4 அடி மேசை. சாதாரணக் காலாள் உருவம் நிற்கும் அடித்தட்டான பேஸ் 25 மில்லிமீட்டர். ஐம்பது பேரைத் தோளோடு தோள் ஒற்றை வரிசையில் நிறுத்தினால் 125 சென்டிமீட்டர். மேசையின் நீளம் 183 சென்டிமீட்டர். அதாவது பக்கத்துக்கு ஐம்பது பேர் என்றால் மூன்றில் இரண்டு பங்கு நீளம் நிரம்பிவிடும், ஓரங்களில் சுற்றி வளைக்க இடம் மிஞ்சும். பக்கத்துக்கு நூறு பேர் என்றால் வரிசை 250 சென்டிமீட்டர், மேசைக்கு வெளியே போய்விடும். அப்புறம் சுற்றி வளைப்பது, பதுங்குவது எதுவும் நடக்காது, இரண்டு சுவர்கள் முட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே இரு பக்கமும் சேர்த்து நூறு என்பது 6 அடி மேசைக்கு நல்ல கணக்கு. இன்னும் பெரிதாக ஆட வேண்டுமானால் மேசையை நீளத்தில் கூட்டுங்கள், அகலத்தில் கூட்டாதீர்கள். 4 அடியைத் தாண்டினால் நடுவில் நிற்கும் உருவத்தை எடுக்கக் கை எட்டாது. எட்டிக் குனிகிற சட்டைக்கை நாலு வில்லாளிகளைச் சாய்த்துவிடும்.

சரி, விதிநூல்களை எந்த அளவுகோலால் ஒப்பிடுவது? சண்டை விதி எவ்வளவு நுணுக்கமானது, மந்திரங்கள் எத்தனை, ஆயுத வகைகள் எத்தனை என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். பத்து உருவ ஆட்டத்துக்கு அது சரி. ஆறு பேர் ஆடும் பெரிய மோதலில் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: தன் கை வேலை முடிந்த பிறகு, மறுபடி கை வைக்க ஒருவர் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? கல்யாணப் பந்தியில் ஒரே சமயத்தில் எல்லா இலைக்கும் பரிமாறுவார்கள். ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அடுத்த இலை என்றால் யாரும் உட்கார மாட்டார்கள். விதிநூல்களில் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. அந்த வித்தியாசம் இரண்டு பேர் ஆடும்போது கண்ணில் படாது, ஆறு பேர் உட்கார்ந்ததும் ஆட்டத்தின் தலைவிதியையே தீர்மானித்துவிடும்.

முதலில் ஃப்ராஸ்ட்கிரேவ். ஜோசப் மெக்கல்லா எழுதி 2015-இல் ஆஸ்ப்ரே வெளியிட்ட விதிநூல், 2020-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பனியில் உறைந்து கிடந்த பழைய நகரத்தின் இடிபாடுகளில் மந்திரவாதிகள் புதையல் தேடும் கதை. ஒவ்வொருவருக்கும் ஒரு மந்திரவாதி, ஒரு சீடன், அதிகபட்சம் எட்டுக் கூலிப்படை வீரர்கள். பத்து மந்திரப் பள்ளிகள், எண்பது மந்திரங்கள். இருவர் ஆடும் சிறிய ஆட்டமாக இதற்கு இணை சொல்வது கடினம். சுவர் எழுப்பலாம், கீழே கிடக்கும் புதையலைத் தொடாமலே நகர்த்தலாம், தாவிக் கூரையேறலாம். ஒவ்வொரு ஆட்டமும் பேசித் தீராத ஒரு கதையை விட்டுச் செல்லும்.

ஆனால் ஆறு பேரை உட்கார வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு சுற்றில் முதலில் மந்திரவாதி கட்டம், அடுத்து சீடன் கட்டம், அதற்கடுத்து வீரர் கட்டம், கடைசியில் காட்டு விலங்குகளும் பேய்களும் நகரும் கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் வரிசைப்படி ஒவ்வொருவராக ஆட வேண்டும். ஆறு பேருக்கு மூன்று கட்டங்கள், பதினெட்டு சின்னச் சின்ன முறைகள், அதன் பிறகு விலங்குகள். மந்திரவாதி தன்னிடமிருந்து 3 இன்ச் தூரத்துக்குள் நிற்கும் மூன்று வீரர்களைத் தன் கட்டத்திலேயே கூட்டிக்கொண்டு நகரலாம் என்பது கொஞ்சம் உதவும். இருந்தாலும் ஒவ்வொரு மந்திரத்துக்கும் புத்தகத்தைப் புரட்டி ஒரு வாக்குவாதம் வரும். மற்ற ஐந்து பேரும் அதை வேடிக்கை பார்ப்பார்கள். அதோடு, சண்டையில் இருபது முகப் பகடை ஒன்றை இருவரும் உருட்டி, திறன் எண்ணைக் கூட்டிப் பெரியதைப் பார்ப்பதால் அதிர்ஷ்டத்தின் ஆட்டம் அதிகம். பத்துப் பேர் கொண்ட படையில் அது திகில். நூறு உருவ மோதலில் அறுபது எழுபது முறை அதையே செய்யும்போது, யோசித்து எடுத்த முடிவுகளின் பலன் பகடைச் சத்தத்தில் கரைந்துபோகும். இதை நான்கு பேர் வரைக்கும் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆறு பேருக்கு மாட்டேன்.

சாங் ஆஃப் பிளேட்ஸ் அண்ட் ஹீரோஸ் பற்றியும் கேட்பார்கள். ஆண்ட்ரியா ஸ்ஃபிலிகோயியின் இந்த விதிநூல் 2007-இல் வந்தது, ஒரு உருவத்துக்கு இரண்டே எண்கள், படிக்க ஒரு மாலை போதும். அதன் உயிர்நாடி, ஓர் உருவத்தை இயக்க ஒன்று, இரண்டு, அல்லது மூன்று பகடைகளை நீங்களே தேர்ந்தெடுத்து உருட்டுவது. இரண்டு தோல்வி வந்தால் முறை எதிராளிக்குப் போய்விடும். 4 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டிய சராசரி ஆள் இரண்டு பகடை எடுத்தால் முறையை இழக்கும் வாய்ப்பு 25 சதவீதம், மூன்று எடுத்தால் சரிபாதி. ஏழெட்டு உருவங்கள் இருக்கும்போது இந்தப் பதற்றம் அற்புதம். ஐம்பது உருவங்கள் இருக்கும் பக்கத்தில் நாலைந்து பேர் நகர்ந்ததும் முறை முடிந்து, மற்ற நாற்பத்தைந்து பேர் சிலையாக நிற்பார்கள். 1999-இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் வெளியிட்ட மார்டைமும் இங்கே பொருந்தாது. அதன் கூட்டங்கள் பெரும்பாலும் பதினைந்து பேரோடு நின்றுவிடும், கால்வாசிப் பேர் விழுந்ததும் ஓடலாமா நிற்கலாமா என்று பகடை போட வேண்டும். தொடர் ஆட்டமாக, காயமும் அனுபவமும் சேர்த்து வாரக்கணக்கில் ஆடினால்தான் அதன் ருசி தெரியும்.

இனி உண்மையான போட்டி. என் பார்வையில் அது மூன்று விதிநூல்களுக்கு இடையில்தான்.

டிராகன் ராம்பன்ட்டை டேனியல் மெர்சி எழுதினார். 2014-இல் வந்த அவருடைய இடைக்கால விதிநூலான லயன் ராம்பன்ட்டை எடுத்து, அடுத்த ஆண்டே ஃபேன்டசிக்கு மாற்றினார். இதில் உருவங்கள் குழுக்களாக இயங்கும். ஒரு குழுவுக்குப் பன்னிரண்டு அல்லது ஆறு வலிமைப் புள்ளிகள். குழுவை நகர்த்தவோ தாக்கவோ சுடவோ இரண்டு பகடைகளை உருட்டி, அந்தக் குழுவுக்கு விதித்த எண்ணை எட்ட வேண்டும். எட்டாவிட்டால் அந்த ஆட்டக்காரரின் முறை அங்கேயே முடிந்தது. சண்டை மிக எளிது: பாதிக்கு மேல் பலம் இருந்தால் பன்னிரண்டு பகடை, பாதியோ அதற்குக் கீழோ என்றால் ஆறு பகடை. விழுந்த அடிகளை எதிராளியின் கவசத்தால் வகுத்து, வந்த விடைக்கு உருவங்களை எடுத்துவிட வேண்டியதுதான்.

இதன் பெரிய பலம், எந்தக் கம்பெனியின் உருவமானாலும் ஏற்றுக்கொள்ளும். எலும்புக்கூடு, பூதம், தவளை மனிதர் எதுவானாலும் சரி. உருவங்கள் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, பன்னிரண்டு புள்ளிக் குழுவை ஆறு உருவங்களாலோ ஒரே ஒரு பெரிய பூதத்தாலோ காட்டலாம், பக்கத்தில் பகடை வைத்து மீதிப் பலத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்று விதியே சொல்கிறது. இது நம் கணக்குக்கு மிக முக்கியம். ஆளுக்குப் பதினேழு உருவங்கள் என்றால், பன்னிரண்டு பன்னிரண்டாக வைத்தால் ஒரு குழுவும் மிச்சமும்தான் தேறும். ஆறு, ஆறு, ஐந்து என்று வைத்தால் மூன்று குழுக்கள் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் மூன்று குழு இருந்தால்தான் முடிவெடுக்க ஏதாவது இருக்கும்.

முறை முடிந்துபோகும் விதியைப் பற்றித் தெளிவாகப் பேசிவிட வேண்டும். 6 அல்லது அதற்கு மேல் வேண்டிய குழு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பகடையில் அது விழும் வாய்ப்பு 36-க்கு 26, சுமார் 72 சதவீதம். மூன்று குழுக்களும் வரிசையாக இயங்கும் வாய்ப்பு 38 சதவீதம்தான். முதல் பகடையிலேயே தோற்று, அந்த முறை முழுக்கச் சும்மா இருக்கும் வாய்ப்பு 28 சதவீதம். அந்த 28 சதவீதத்தை ஒருவர் அடுத்தடுத்து மூன்று முறை சந்தித்தால் அவருக்கு அன்றைய நாள் கசந்துவிடும். புதிதாக ஆட வந்தவர் என்றால் மறுபடி வரவே மாட்டார். எனவே ஆறு பேர் ஆட்டத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்துகொள்ளச் சொல்வேன். ஒருவரின் தோல்வி அவருடைய முறையை மட்டும் முடிக்கட்டும், கூட்டாளிகளைத் தொட வேண்டாம். முதல் பகடை தோற்றாலும் ஒரே ஒரு குழுவைச் சண்டையில்லாமல் நகர்த்த மட்டும் அனுமதியுங்கள். இவ்வளவு செய்தால் ஒரு பக்கத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் பகடை போட்டு அவரவர் குழுக்களை ஓட்டலாம். காத்திருப்பு பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

இதில் எனக்குள்ள ஒரே குறை, ஆட்டத்தின் தன்மையைப் பற்றியது. குழுவில் இருக்கும் ஆறு பேரும் ஒரே ஆள். முன்வரிசையில் நிற்கும் அந்த ஒற்றைக்கண் ஆர்க்குக்கு மூன்று இரவு பெயிண்ட் அடித்திருப்பீர்கள், அவன் இங்கே வெறும் பலக் குறியீடு. பாலத்தின் நடுவில் ஒருவன் மட்டும் நின்று பத்துப் பேரைத் தடுத்தான் என்ற சம்பவம் இதில் அரிதாகவே நடக்கும். ஒற்றை உருவத்தையே ஒரு குழுவாக்கி நாயகனாக வைக்கலாம், அது நன்றாகவே இருக்கும். ஆனால் சாதாரண வீரனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இரண்டாவது, ஒன் பேஜ் ரூல்ஸ் தரும் ஏஜ் ஆஃப் ஃபேன்டசி. அடிப்படை விதிகளும் படைப் பட்டியல்களும் இலவசம், படையைப் புள்ளிக் கணக்கில் அமைக்க ஆர்மி ஃபோர்ஜ் என்ற கருவியும் இருக்கிறது. உள்ளூரில் மினியேச்சர் கடை இல்லாத ஊர்களில் இது பெரிய வரம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டு புத்தகம் வரவழைத்து, கூரியர் செலவும் சுங்க வரியும் கட்டிவிட்டு, பிடிக்கவில்லை என்று மூலையில் போடுவதற்குப் பதிலாக, இன்றைக்கே பதிவிறக்கி நாளைக்கே ஆடிப் பார்க்கலாம். காகிதத்தில் அச்சடித்து வெட்டி நிறுத்தும் உருவங்களையும் அவர்களே தருகிறார்கள், ஆக நூறு உருவம் சேரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. இதிலேயே ஸ்கர்மிஷ் என்ற தனிப் பதிப்பு சிறிய கூட்டங்களுக்கு. நம்முடைய நூறு உருவத்துக்கு எடுக்க வேண்டியது குழுக்களாக ஆடும் முதன்மைப் பதிப்பு.

விதி சுத்தமானது. தரம் என்ற எண்ணை எட்டினால் அடி விழும், பாதுகாப்பு என்ற எண்ணை எட்டினால் அடி தடுக்கப்படும். நடந்தால் 6 இன்ச், ஓடினாலோ பாய்ந்தாலோ 12 இன்ச். ஒரு சுற்றில் ஏற்கெனவே கைகலந்த குழு களைத்துவிடும், அப்புறம் 6 விழுந்தால் மட்டுமே அடி. இந்தக் களைப்பு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். பலசாலிக் குழுவை முதலில் ஒரு அற்பக் கும்பலால் சீண்டிக் களைக்க வைத்து, பிறகு உண்மையான தாக்குதலை அனுப்பலாம். சின்ன விதிதான், யோசிக்க நிறைய தருகிறது.

ஆனால் இது மாறி மாறி இயக்கும் ஆட்டம். நீங்கள் ஒரு குழு, எதிராளி ஒரு குழு. இருவர் ஆடும்போது இதைவிட விறுவிறுப்பான முறை இல்லை. ஆறு பேரில் ஆளுக்கு நான்கு குழு என்றால் ஒரு சுற்றுக்கு இருபத்துநான்கு இயக்கங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்று தாராளமில்லாமல் வைத்தாலும் 48 நிமிடம், அதில் உங்கள் கை வேலை எட்டு நிமிடம், தற்காப்புப் பகடை போட இன்னும் கொஞ்சம். மொத்தம் நான்கு சுற்றுதான் என்பதால் மூன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பது ஆறுதல். எதிரெதிரே உட்கார்ந்தவர்களை மூன்று இணைகளாகப் பிரித்து, மூன்றும் ஒரே சமயத்தில் நடக்கட்டும் என்று விட்டால் நேரம் நன்றாகக் குறையும். பக்கத்து இணையின் எல்லைக்குள் ஒரு குழு நுழைந்ததும் அந்த ஒழுங்கு கலைந்துவிடும். இடப்பக்கம் ஜெயித்துவிட்டு நடுவில் உதவிக்கு ஓடும் அந்தத் தருணத்துக்காகத்தான் பெரிய மோதலையே ஆடுகிறோம் என்பதால், அதைத் தடுக்கும் ஏற்பாடு எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாவது, நான் தேர்ந்தெடுப்பது: மிடில்-எர்த் ஸ்ட்ராட்டஜி பேட்டில் கேம். 2001-இல் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் திரைப்படத்தின் வெளியீட்டை ஒட்டி கேம்ஸ் ஒர்க்‌ஷாப் கொண்டுவந்த ஆட்டம், ரிக் பிரீஸ்ட்லியும் அலெசியோ கவடோரேவும் உருவாக்கியது. அன்றிலிருந்து பதிப்புக்குப் பதிப்பு மெருகேறி, 2024 இறுதியில் புதிய பதிப்பு வந்திருக்கிறது. பெயரில் போர் இருந்தாலும் எலும்பில் இது ஸ்கர்மிஷ்: தட்டு கிடையாது, குழு கிடையாது, ஒவ்வொரு உருவமும் தனி ஆள். நூறு பேர் மேசையில் நின்றாலும் அப்படித்தான்.

இது எப்படிச் சமாளிக்கிறது? சுற்றின் அமைப்பால். தொடக்கத்தில் இரு பக்கமும் ஆளுக்கொரு பகடை உருட்டி யாருக்கு முன்னுரிமை என்று முடிவாகும். முன்னுரிமை கிடைத்த பக்கம் மொத்தமும் நகரும், அடுத்து எதிர்ப்பக்கம் மொத்தமும் நகரும். பிறகு ஒரு பக்கம் எய்யும், மறுபக்கம் எய்யும். அதன் பிறகு கைகலப்பு எல்லாம் தீர்க்கப்படும். நகரும் கட்டத்தில் ஒரு பக்கத்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் கை வைத்து ஆளுக்குப் பதினேழு உருவங்களை நகர்த்துவார்கள். கைகலப்புக் கட்டத்தில் இது இன்னும் அழகு. மேசையின் மூன்று பகுதிகளிலும் எதிரெதிரே நிற்பவர்கள் அவரவர் சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் பகடை உருட்ட மற்ற ஐவர் வேடிக்கை பார்க்கும் நேரம் அநேகமாக இல்லை. ஓரளவு பழகியவர்கள் ஆடினால் ஒரு சுற்றை அரை மணி நேரத்துக்குள் முடிக்கலாம்.

சண்டைகளைத் தீர்க்கும் வரிசையை முன்னுரிமைப் பக்கம் தீர்மானிக்க வேண்டும் என்று விதி இருக்கிறதே, மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் தீர்த்தால் அது மீறல் ஆகாதா என்று கேட்கலாம். வரிசை உண்மையில் முக்கியமாவது, ஒரு தலைவன் தன் எதிரிகளை வீழ்த்திவிட்டு அடுத்த சண்டைக்குள் பாயும் வீரச் சண்டைகளில்தான். அவற்றை மற்றச் சண்டைகளுக்கு முன்னால் தீர்க்க வேண்டும் என்று விதியே சொல்வதால், எல்லோரும் கூடி நின்று அவற்றை முதலில் பார்த்துவிட்டு, பிறகு அவரவர் மூலைக்குப் போய்விடலாம். கூடிப் பார்க்க வேண்டிய காட்சியும் அதுதானே.

சண்டை விதியும் பெரிய மோதலுக்கு ஏற்றது. மோதும் இரு தரப்பும் தங்கள் பகடைகளை உருட்டுவார்கள், அதிக எண் விழுந்த தரப்பு வெற்றி. சமமாக விழுந்தால் சண்டைத் திறன் அதிகமுள்ளவர் வெல்வார். எல்ஃப் வீரனுக்கு 5, சாதாரண மனிதனுக்கும் ஆர்க்குக்கும் 3. சமநிலையில் எல்ஃப் ஏன் பயங்கரமானவன் என்பது இந்த ஒரு வரியில் புரிந்துவிடும். தோற்றவர் 1 இன்ச் பின்வாங்க வேண்டும். பின்வாங்க இடமில்லாமல் சிக்கிக்கொண்டால் அடி இரட்டிப்பாக விழும். மொத்த ஆட்டமும் இந்த விதியைச் சுற்றிச் சுழல்கிறது. வரிசையை உடையாமல் வைத்திருப்பது, ஓரத்தில் ஓர் ஆளை நிறுத்துவது, எதிரியின் முதுகுப்பக்கம் ஒருவனை நுழைப்பது என்று எல்லாவற்றுக்கும் கண்ணுக்குத் தெரியும் பலன் உண்டு. பின்னால் நிற்கும் ஈட்டிக்காரன் முன்னால் நிற்பவனுக்குத் துணையாக ஒரு பகடை தருவான். கொடிக்காரன் பக்கத்தில் இருந்தால் ஒரு பகடையை மறுபடி உருட்டலாம். புத்தகத்தைப் படிக்காத ஒருவர்கூடப் படை ஏன் படைபோல நிற்க வேண்டும் என்பதை இரண்டாவது சுற்றில் தானாகக் கண்டுபிடித்துவிடுவார்.

தலைவர்கள் இதன் இன்னொரு தூண். ஒவ்வொருவனிடமும் வலிமை, மனவுறுதி, தலைவிதி என்று மூன்று கையிருப்புகள். சாதாரணப் படைத்தலைவனுக்கு வலிமை 2, பெயர் பெற்ற நாயகர்களுக்குப் பெரும்பாலும் 3. ஒன்றைச் செலவழித்தால் பகடை எண்ணை ஒன்று கூட்டலாம், அல்லது முன்னுரிமை எதிராளியிடம் இருக்கும்போதே தன்னைச் சுற்றியுள்ளவர்களோடு முந்திக்கொண்டு நகரலாம். செலவழித்தது பொதுவாகத் திரும்பி வராது. ஆறு பேர் ஆட்டத்தில் ஒரு பக்கத்து மூவரும் யார் இப்போது செலவழிப்பது என்று தலையோடு தலை வைத்துக் குசுகுசுப்பார்கள். கூட்டாளி என்ற உணர்வு அங்கே பிறக்கிறது. படையில் பாதிக்கு மேல் விழுந்ததும் ஒவ்வொருவரும் தைரியச் சோதனைக்கு ஆளாவார்கள், அப்போது பக்கத்தில் நிற்கும் தலைவன் உறுதியாக இருந்தால் சுற்றியிருப்பவர்கள் ஓட மாட்டார்கள். தோற்கும் பக்கத்துக்கும் கடைசி வரை செய்ய ஏதாவது மிச்சம் இருக்கிறது.

குறைகள் உண்டு. மந்திரம் மெல்லியது. மந்திரவாதிகள் வருவார்கள், ஆனால் நெருப்புக் கோளங்கள் பறக்கும் மேசை வேண்டுமென்றால் இது ஏமாற்றும். காயம் விழுந்ததா என்பதைப் பலத்தையும் தற்காப்பையும் ஒப்பிடும் அட்டவணையில் பார்க்க வேண்டும், பழகும் வரை கையில் ஒரு நகல் தேவை. தனித்தனியாக நகர்த்துவதால் ஐம்பது உருவத்தையும் டேப் வைத்து அளக்க ஆரம்பித்தால் விடியாது. முன்வரிசையில் நாலு பேரை மட்டும் அளந்து வைத்துவிட்டு மற்றவர்களை அவர்களோடு ஒட்டி நகர்த்துவதாக ஆரம்பத்திலேயே ஒப்புக்கொள்ளுங்கள். விதிநூலும் அதிகாரபூர்வ உருவங்களும் விலை அதிகம். வீட்டு ஆட்டத்துக்கு அந்த உருவங்கள்தான் வேண்டும் என்பதில்லை, வேறு கம்பெனியின் பிளாஸ்டிக் குள்ளர்களும் ஆர்க்குகளும் தாராளமாகப் பொருந்தும். ஓத்மார்க் வரிசையில் ஒரு பெட்டியில் முப்பது காலாட்கள் கிடைக்கும், இரண்டு மூன்று பெட்டியில் ஒரு பக்கமே தயார். பதிப்பு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். 2018 பதிப்பும் 2024 பதிப்பும் சில இடங்களில் வேறுபடும், ஒருவர் இதையும் ஒருவர் அதையும் படித்துவிட்டு வந்தால் காலை முழுவதும் வாதத்தில் போய்விடும். பழைய பதிப்பு யாரிடமாவது இருந்தால் அதையே எல்லோருக்கும் வைத்துக்கொள்வதில் தவறே இல்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2009-இல் இதே நிறுவனம் இதே உருவங்களைத் தட்டில் அடுக்கி ஆடும் வார் ஆஃப் த ரிங் என்ற பெரும்போர் விதிநூலைத் தனியாக வெளியிட்டது. முந்நூறு உருவங்களை நகர்த்த ஆசைப்படுகிறவர்களுக்குத் தனித்தனி ஆட்டம் தாங்காது என்பதற்கு அது போதுமான சான்று. நூறு, நீட்டினால் நூற்றிருபது. அதற்கு மேல் இந்த விதிகளை இழுக்க வேண்டாம்.

ஆக எனது தேர்வு உங்கள் குழுவைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும். ஆறு பேரில் இரண்டு பேராவது மிடில்-எர்த் விதிகளைத் தெரிந்தவர்களாக இருந்து, பக்கத்துக்கு ஒருவராக உட்கார முடிந்தால், வேறு எதையும் யோசிக்காதீர்கள். மற்றவர்கள் அவர்களைப் பார்த்தே கற்றுக்கொள்வார்கள். ஆறு பேரில் நால்வர் புதியவர்கள், உருவங்களும் பத்துக் கம்பெனியிலிருந்து வந்த கதம்பம் என்றால் டிராகன் ராம்பன்ட், மேலே சொன்ன இரண்டு மாற்றங்களோடு. விதி எளிது, முற்பகலுக்குள் எல்லோரும் கைதேர்ந்துவிடுவார்கள். கையில் பணமும் உருவமும் குறைவு, மூன்று பேர் அல்லது நான்கு பேர்தான் நிச்சயம் என்றால் ஏஜ் ஆஃப் ஃபேன்டசி. அந்த எண்ணிக்கையில் மாறி மாறி இயக்குவது பாரமாகாது, பிடித்துப்போனால் பின்னால் விரிவாக்கிக்கொள்ளலாம்.

எதை எடுத்தாலும் ஏற்பாடு செய்பவர் ஆடாமல் நடுவராக இருப்பது நல்லது, ஆறு பேர் ஆட்டத்துக்கு ஏழாவதாக ஒருவர். இது தியாகம்போலத் தெரியும். மூன்று இடத்தில் ஒரே நேரத்தில் சண்டை நடக்கும்போது சந்தேகம் கேட்க ஒருவர் இல்லாவிட்டால் மூன்று இடமும் நின்றுபோகும். சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீராவிட்டால் பகடை போட்டு முடிவெடுத்துவிட்டு, புத்தகத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பாருங்கள்.

இலக்கு ஒன்றை மட்டும் நடுவில் வைக்காதீர்கள். நூறு உருவங்களும் அந்த ஒரு கோபுரத்தடியில் குவிந்து, ஓரத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார்கள். இடிந்த கிராமம், பாலம், மேட்டில் ஒரு கல்வட்டம் என்று மூன்று இடமாகப் பிரித்து, ஒவ்வொன்றும் ஓர் இணைக்கு நேர் எதிரே வரும்படி வையுங்கள். மூன்றாவது சுற்றுக்குள் எல்லோரும் கைகலப்பில் இருக்க வேண்டும். இரு படைகளையும் மேசை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, இடையில் 24 இன்ச் மட்டும் விட்டு நிறுத்தினால் அது நடக்கும். 6 இன்ச் நடையில் இரு பக்கமும் இரண்டு சுற்று நடந்தாலே முட்டிவிடும்.

முடியும் நேரத்தையும் சுற்றுக் கணக்கில் சொல்லாமல் கடிகாரக் கணக்கில் சொல்லிவிடுங்கள். ஐந்து மணிக்கு ஆரம்பித்த சுற்றுதான் கடைசி என்று காலையிலேயே அறிவித்தால் எல்லோரும் அதற்கேற்பத் துணிவார்கள். மதியத்துக்குள் படையை இழந்தவர் சும்மா உட்காரக் கூடாது என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. ஆர்க், எலும்புக்கூடு மாதிரி எண்ணிக்கையால் வெல்லும் படைகளுக்கு, விழுந்த காலாட்களில் ஆறு பேர் ஒவ்வொரு சுற்றுத் தொடக்கத்திலும் தங்கள் பக்க ஓரத்திலிருந்து மறுபடி நுழையலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கத்து எல்ஃப்களுக்கும் குள்ளர்களுக்கும் அந்தச் சலுகை வேண்டாம், அதற்கு ஈடாகத் தொடக்கத்தில் இன்னொரு தலைவனைக் கொடுங்கள்.